பாதுஷாவுக்கு நாற்பத்தைந்து கிராம்

1. எடை மேடை

அந்தப் பூனையை முதல் தடவை எடை மேடையில் வைத்தபோது ஏழு கிலோ எண்ணூறு கிராம் காட்டியது. மெஷினில்தான் கோளாறு என்று நினைத்தேன். பூனையை இறக்கிவிட்டு ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை வைத்துப் பார்த்தேன். சரியாக ஒரு கிலோ. கோளாறு பூனையில்தான்.

நான் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் அரசுக் கால்நடை மருந்தகத்தில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவள். மாடும் ஆடும்தான் என் உலகம். குறுக்கே மாட்டிக்கொண்ட கன்றை முழங்கை வரை கைவிட்டுத் திருப்பி எடுப்பதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. ஓய்வு பெற்றதும் திருவண்ணாமலையில் இரண்டு அறையை வாடகைக்குப் பிடித்து நாய், பூனைகளுக்கு கிளினிக் வைத்தேன். இது கிளினிக் திறந்த இரண்டாம் வருஷம் நடந்தது. இதைப் படிக்கிற இளம் டாக்டர்கள் கல்லூரியில் பூனையைப் பற்றி என்னைவிட அதிகம் படித்திருப்பீர்கள். எங்கள் காலத்தில் பூனை என்பது பரீட்சையில் வந்தால் வரும், வராவிட்டால் போகும் என்கிற பாடம்.

பூனையின் பெயர் பாதுஷா. ஆறு வயசு, செம்பட்டை நிறம், ஆண், கருத்தடை ஆனது. கொண்டுவந்தவர்கள் கரீம் பாயும் அவர் மனைவி நூர்ஜஹானும். கோயிலுக்குப் போகிற கடைத்தெருவில் அவர்களுக்கு நாட்டு மருந்துக் கடை. கீழே கடை, மாடியில் வீடு. காய்கறிக் கூடையில் பூனையை உட்கார வைத்து, மேலே துப்பட்டாவைக் கட்டி, ஆளுக்கு ஒரு கைப்பிடியாகத் தூக்கி வந்தார்கள்.

எடைக்காக அவர்கள் வரவில்லை. பூனையின் பின்பக்கம் முடி சிக்குப் பிடித்து நாறுகிறது, குளிப்பாட்டி விட்டால் போதும் என்றார்கள். பூனை தன் உடம்பைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்கிற பிராணி. இதன் நாக்கு பின்பக்கம் வரை எட்டவில்லை, வயிறு தடுக்கிறது என்று சொன்னேன். நல்ல உடம்புள்ள பூனையை மேலேயிருந்து பார்த்தால் இடுப்பு தெரியும். பக்கவாட்டில் தடவினால் விலா எலும்பு விரலில் தட்டுப்படும். பாதுஷாவை எங்கே தடவினாலும் மெத்தையைத் தடவுகிற மாதிரிதான் இருந்தது. அதன் எலும்புக்கட்டுக்கு ஐந்து கிலோ, கொஞ்சம் கூட இருக்கலாம், அவ்வளவுதான்.

"சாப்பாட்டைக் கம்மி பண்ணுங்கம்மா," என்றேன். "இப்படியே போனா இதுக்கும் சுகர் வந்துடும்."

சுகர் என்றதும் நூர்ஜஹான் திரும்பித் தன் கணவரைப் பார்த்தார். கரீம் பாய்க்கு நாலு வருஷமாகச் சர்க்கரை. போன வருஷம் கால் விரலில் வந்த புண் ஆற மூன்று மாதம் ஆகியிருந்தது. சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்தே வீட்டில் இனிப்பு இல்லை, எண்ணெய்ப் பலகாரம் இல்லை, வெள்ளைச் சோறு ஒரு கரண்டிதான்.

"இவருக்கே கம்மி பண்ணிட்டேன், இதுக்குப் பண்ண மாட்டேனா," என்றார் நூர்ஜஹான்.

வெளியே இரண்டு நாய்கள் காத்திருந்தன. சிக்கு முடியை வெட்டிவிட்டு அனுப்பி வைத்தேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். என்ன போட வேண்டும், எவ்வளவு போட வேண்டும் என்று ஒரு வார்த்தை எழுதிக் கொடுக்கவில்லை.

2. மூன்றாம் நாள் போன்

மூன்றாம் நாள் நூர்ஜஹான் போன் செய்தார். நான் அப்போது அடி அண்ணாமலையில் ஒரு நாய்க்குத் தையல் பிரித்துக்கொண்டிருந்தேன். பால், கோழி, சோறு எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டு, உடம்பு இளைக்கிறதுக்கென்று கடையில் விற்கிற உலர் தீவனத்தை வாங்கி வைத்திருக்கிறார். பூனை மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டதாம்.

"ரெண்டு நாளா வாயே வைக்கல டாக்டரம்மா. பழையபடி கோழி போடட்டுமா?"

"பசிச்சா தானா சாப்பிடும். மனசு இளகிடாதீங்க," என்றேன்.

இதை நான் யோசிக்காமல் சொல்லவில்லை. புதுத் தீவனத்தை ஒதுக்குகிற மாடு இரண்டாம் நாள் சாயங்காலம் தொட்டியில் முகம் வைத்துவிடும். எத்தனையோ மாட்டில் பார்த்த அனுபவத்தில் சொன்னேன். மாட்டுக்குச் சரியாக இருந்த ஒன்றைப் பூனைக்குத் தூக்கிக் கொடுத்தேன். அதுதான் தப்பு.

ஏழாம் நாள் காலையில் கடை திறக்கிற நேரத்தில் இரண்டு பேரும் வந்து நின்றார்கள். கூடையிலிருந்து பாதுஷாவைத் தூக்கினேன். தலையை நிமிர்த்தவில்லை. வாயோரம் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. காதை மடக்கிப் பார்த்தேன். உள்பக்கம் மஞ்சள் பூசினமாதிரி இருந்தது. ஈறும் அப்படியே.

கரீம் பாய் மறைக்காமல் சொன்னார். ஐந்தாம் நாளே மஞ்சளைப் பார்த்திருக்கிறார். காமாலை என்று தெரிந்து கீழாநெல்லியை அரைத்துச் சாறு எடுத்து இரண்டு நாள் வாயில் விட்டிருக்கிறார். மனிதர்களுக்குத் தினமும் கொடுக்கிற மருந்து, பூனைக்கும் கேட்கும் என்று நம்பியிருக்கிறார். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவராவது ஏதோ செய்தார்.

நடந்தது இதுதான். கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் சாப்பிடாமல் இருந்தால், உடம்பு தன் கொழுப்பைக் கரைத்து ஈரலுக்கு அனுப்பும். பூனையின் ஈரலால் அவ்வளவு கொழுப்பைக் கையாள முடியாது. கொழுப்பு ஈரலிலேயே தங்கி அதை அடைத்துவிடும். ஈரல் கெட்டால் பசி போய்விடும். பசி போனால் இன்னும் கொழுப்பு கரையும். ஒல்லிப் பூனையைவிடக் குண்டுப் பூனைக்குத்தான் பட்டினி சீக்கிரம் எமனாகும். இதை நான் எப்போதோ ஒரு பாராவாகப் படித்திருக்கிறேன். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த பிறகுதான் அந்தப் பாரா ஞாபகத்துக்கு வந்தது.

என்னோடு படித்த மாலதி சென்னையில் பூனைகளை அதிகம் பார்க்கிறவள். அவளுக்குப் போன் செய்தேன். எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்று மட்டும் கேட்டாள். ஏழு நாள் என்றேன். பிறகு என்ன டிரிப், என்ன ஊசி, குழாய் எப்படிப் போடுவது என்று வரிசையாகச் சொன்னாள்.

"மருந்தெல்லாம் ரெண்டாம்பட்சம்டி. சாப்பாடு உள்ள போகணும். போகலன்னா அது இருக்காது," என்றாள்.

போனை வைத்துவிட்டு வெளி அறைக்கு வந்தேன். இருவரும் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். முப்பது வருஷத் தொழிலில் என் கையில் மாடு செத்திருக்கிறது, ஆடு செத்திருக்கிறது. என் வாய்வார்த்தையால் எதுவும் செத்ததில்லை.

"பாய், தப்பு என்னுதுதான். மூணாம் நாள் போன்ல நான் சொன்னது தப்பு. அன்னைக்கே கொண்டாரச் சொல்லியிருக்கணும்."

நூர்ஜஹான் இல்லை என்று தலையாட்டினார். "நீங்க கம்மி பண்ணச் சொன்னீங்க. நான்தான் ஒரேயடியா நிறுத்திட்டேன்."

"எவ்ளோ கம்மினு நான் சொல்லவே இல்லையேம்மா."

கரீம் பாய் இரண்டு பேரையும் பார்த்தார். "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். இப்ப என்ன பண்ணணும், அதைச் சொல்லுங்க."

3. மூக்குக் குழாய்

மூக்கில் மரத்துப்போகிற ஜெல் தடவி, மெல்லிய குழாயை உணவுக்குழாய் வரை இறக்கி, மறுமுனையை நெற்றியில் பிளாஸ்டர் போட்டு ஒட்டினேன். பிய்த்துப்போடாமல் இருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் புனல். என் உதவியாளர் செல்வி பூனையைப் பிடித்துக்கொண்டார். நான் அதுவரை கன்றுக்குத்தான் குழாய் போட்டிருந்தேன். அதில் பத்தில் ஒரு பங்கு கனம்கூட இல்லாத குழாய். ஆனாலும் ஒரே முயற்சியில் இறங்கியது. கை மறக்கவில்லை என்று தெரிந்ததும் எனக்குத் தைரியம் திரும்பியது.

பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாக ஊட்டவும் கூடாது. முதல் நாள் தேவையில் கால் பங்கு, மறுநாள் அரை, இப்படி நாலு நாளில் முழு அளவு. நீர் உணவை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து, சிரிஞ்சில் எடுத்து, ஒரு நாளைக்கு ஆறு தடவை குழாயில் விட வேண்டும். முதல் மூன்று நாள் கிளினிக்கிலேயே வைத்துக்கொண்டோம். இரண்டாம் நாள் வாந்தி எடுத்தது. அளவைக் குறைத்து, இடைவெளியைக் கூட்டி, மறுபடி ஏற்றினோம்.

நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினேன். ஊட்டுகிற வேலையைக் கரீம் பாய் ஏற்றுக்கொண்டார். அவரைப்போல ஓர் ஆளை நான் பார்த்ததில்லை. ஐந்து நிமிஷம் எடுத்துச் செலுத்துங்கள் என்றால் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் எடுப்பார். எத்தனை மணிக்கு எத்தனை மில்லி, வாந்தி உண்டா இல்லையா, மூத்திரம் என்ன நிறம் என்று ஒரு நோட்டில் எழுதி எனக்குப் போட்டோ அனுப்புவார். வாழ்நாள் முழுக்க அரிசி எடை, குன்றிமணி எடை என்று மருந்து நிறுத்துக் கொடுத்த கை அது.

குழாய் போட்ட ஒன்பதாம் நாள் காதின் மஞ்சள் வெளுக்க ஆரம்பித்தது. பதினாலாம் நாள் மத்தியானம் நூர்ஜஹான் போன் செய்தார். கோழி அரிந்துகொண்டிருந்தபோது பாதுஷா சமையலறைக்குள் வந்து, கழுத்துப் புனலோடு அவர் காலில் முட்டியிருக்கிறது.

"டாக்டரம்மா, சோறு கேட்டுக் கத்துது," என்றார். போனை அதன் பக்கம் நீட்டினார். எனக்கும் கேட்டது.

தானாக மூன்று நாள் முழுதாகச் சாப்பிட்ட பிறகு குழாயை எடுத்தேன்.

4. நகராத எண்

குழாய் எடுத்த அன்று எடை ஆறு கிலோ தொள்ளாயிரம். செல்விக்குச் சந்தோஷம். எனக்கு இல்லை. கொழுப்போடு தசையும் போயிருந்தது. தொடையைப் பிடித்துப் பார்த்தால் தெரிந்தது. ஒரு மாதம் நன்றாகச் சாப்பிடட்டும், அதற்கப்புறம் முறையாக இளைக்க வைக்கலாம் என்றேன்.

மாதம் முடிந்து நான் அந்தப் பேச்சை எடுத்ததும் நூர்ஜஹான் கும்பிட்டார். குண்டாகவே இருந்துவிட்டுப் போகட்டும், மறுபடியும் அதைப் பார்க்கத் தன்னால் முடியாது என்றார். நியாயமான பயம். இந்த முறை நான் அவசரப்படவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஒரு தாளில் எழுதினேன்.

ஒரு நாளைக்கு எடை குறைப்புத் தீவனம் நாற்பத்தைந்து கிராம், அவித்த கோழி உப்பில்லாமல் இருபது கிராம். இதை நாலைந்து வேளையாகப் பிரிக்க வேண்டும். புதுத் தீவனத்தைப் பழையதில் ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூன் என்று கலந்து, முழுசாக மாற்ற இரண்டு வாரம் எடுத்துக்கொள்ள வேண்டும். பால் வேண்டாம், தண்ணீர் நிறைய. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை எடை. வாரத்துக்கு ஐம்பது, அறுபது கிராம் இறங்கினால் போதும், நூற்றைம்பதுக்கு மேல் இறங்கினால் சாப்பாட்டைக் கூட்டிவிட வேண்டும். கடைசி வரியை மட்டும் சிவப்பு மையில் எழுதினேன்: ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் எந்த நேரமானாலும் போன் செய்யவும், அன்றே பழைய சாப்பாட்டைப் போடவும்.

இரண்டு வாரம் கழித்து எடை அதே ஆறு தொள்ளாயிரம். அடுத்த இரண்டு வாரத்தில் ஏழு கிலோ ஆகிவிட்டது.

"கடைத் தராசுல கிராம் பாத்துதான் போடறேன் டாக்டரம்மா. அல்லா மேல ஆணை," என்றார் நூர்ஜஹான். நான் நம்பினேன். தட்டில் போகிற கணக்கு சரியாக இருந்து எடை ஏறினால், தட்டுக்கு வெளியே ஏதோ போகிறது என்று அர்த்தம்.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பின்னால் கரீம் பாய் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மடியில் தினசரித் தாள். அதன்மேல் ஒரு பன் பட்டர், ஒரு கைமா சமோசா. சமோசாவைப் பிட்டு உள்ளேயிருக்கிற கறியை விரலால் வழித்துக் கீழே காட்டினார். காலடியில் பாதுஷா. பிறகு பன்னிலிருந்த வெண்ணெய். தன் வாய்க்கு ஒரு துணுக்குகூடப் போகவில்லை. பூனை சாப்பிடுவதைத் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் தாளை மடிக்கப் போனார். பிறகு விட்டுவிட்டார்.

"தினமுமா பாய்?"

"காலைல ஒரு தடவை, சாயங்காலம் டீ நேரத்துல ஒரு தடவை." கொஞ்சம் நிறுத்தி, தாழ்ந்த குரலில் சொன்னார்: "எனக்கு எல்லாத்தையும் வேணாம்னுட்டாங்க. சரினு விட்டுட்டேன். இது தின்றதைப் பாத்துக்கினு உக்காந்தா நானே தின்ன மாதிரி இருக்கு டாக்டரம்மா. நாலு வருஷமா இப்படித்தான்."

காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்குச் செய்கிற மாதிரி அந்தப் பூனைக்கு இரண்டு வாரம் குழாயில் ஊட்டியவர் அவர். அதைக் குண்டாக்கியவரும் அவர்தான். இரண்டும் ஒரே அன்பு என்று எனக்குப் புரிந்தது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கைமாவில் இருக்கிற வெங்காயம் பூனைக்கு விஷம், இன்றோடு அது நிற்க வேண்டும். வீட்டில் நீங்களே சொல்லிவிடுங்கள், நான் சொல்லமாட்டேன்.

அவர் மறுக்கவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு மாடிக்கு ஏறினார். நூர்ஜஹான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கணவர் சொல்லி முடிக்கும் வரை கை நிற்கவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றார். "அவர் சட்டையில சமோசா வாசனை எனக்குத் தெரியாதா? மொதல்ல அவரே தின்றாருன்னுதான் நெனச்சேன். ஒருநாள் மாடிப்படியில நின்னு பாத்தேன். ஒண்ணுகூட வாயில போடல. அதுக்கே போட்டாரு. சரி, அவரு தின்னாம இருந்தா போதும்னு விட்டுட்டேன்." பிறகு என்னிடம் கேட்டார்: "இப்ப பூனைக்கு நிறுத்தினா, இவரு தின்ன ஆரம்பிச்சிட்டா என்ன பண்றது?"

நல்ல கேள்வி. அதற்கு ஒரு வழி யோசித்துக்கொண்டே படி இறங்கினேன்.

5. பதினொரு மணியும் நாலரை மணியும்

கரீம் பாயின் சர்க்கரையைப் பார்க்க வேறு டாக்டர் இருக்கிறார். என் நோயாளி பூனை. ஆனால் என் நோயாளியின் வாய் அவர் கையோடு கட்டப்பட்டிருந்தது. ஊட்டாதீர்கள் என்று சொன்னால் ஒரு வாரம் கேட்பார். ஆகவே ஊட்டுகிற வேலை மொத்தத்தையும் அவருக்கே கொடுத்துவிட்டேன்.

காலையில் அவரே தராசில் நாற்பத்தைந்து கிராம் நிறுத்து ஒரு டப்பாவில் போட வேண்டும். அன்றைக்கு அந்த டப்பாதான், வேறெதுவும் கிடையாது. இருபது கிராம் கோழியைப் பத்துப் பத்தாகப் பிரித்து, பதினொரு மணிக்கு ஒன்று, நாலரைக்கு ஒன்று. நார் நாராகப் பிய்த்து, கல்லாவின் ஒரு மூலையில் ஒன்று, மருந்து மூட்டைக்குப் பின்னால் ஒன்று என்று ஒளித்து வைத்து அது தேடித் தின்னட்டும். பத்து கிராம் தின்ன அதற்குக் கால் மணி நேரம் ஆகும். அவரும் அந்தக் கால் மணி நேரம் பார்க்கலாம். நூர்ஜஹான் தன் பங்குக்கு, அதே நேரத்தில் அவருக்கு ஒரு கைப்பிடி சுண்டலும் சர்க்கரையில்லாத டீயும் கீழே அனுப்ப ஆரம்பித்தார். அது அவர் யோசனை, என்னுடையது இல்லை.

இரண்டு வாரத்தில் எண்பது கிராம் இறங்கியது. செல்வி மெஷினைத் தட்டிவிட்டு இன்னொரு தடவை போட்டார். எண்பதுதான். அடுத்த முறை நூற்றிருபது. அதற்கப்புறம் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

கார்த்திகை தீபத்துக்குப் பத்து நாள் ஊரில் கால் வைக்க இடமில்லை. கடைக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் பூனையைப் பார்த்துப் பிஸ்கட் போட்டார்கள், பால் வாங்கி ஊற்றினார்கள். நூற்றைம்பது கிராம் ஏறிவிட்டது. கரீம் பாய் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கடை முகப்பில் தொங்கவிட்டார்: "பூனைக்கு எதுவும் போடாதீர்கள். பத்தியத்தில் இருக்கிறது." ஊரில் அதைப் போட்டோ எடுக்காதவர்கள் குறைவு. ஏறினது மூன்று வாரத்தில் இறங்கியது. அப்போதும் நான் அளவைக் குறைக்கச் சொல்லவில்லை. வெளியிலிருந்து வருவதை நிறுத்தினால் போதும், தட்டில் கை வைக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன்.

ஒன்பது மாதம் ஆயிற்று. ஐந்து கிலோ முந்நூறு. மேலேயிருந்து பார்த்தால் இடுப்பு தெரிந்தது. பின்பக்கத்தைத் தானே நக்கிச் சுத்தம் செய்தது. அந்த வாரம் கரீம் பாய் புகார் சொல்கிற குரலில் போன் செய்தார். ஆறு அடி உயர மருந்து அலமாரியின் உச்சிக்குத் தாவி ஏறி, கடுக்காய் டப்பாவைத் தள்ளிவிட்டதாம். நாலைந்து வருஷமாக அது ஸ்டூலில்கூட ஏறினதில்லை.

"எறக்கி உடலாமா டாக்டரம்மா?"

"விடுங்க பாய். அதுவே எறங்கும்," என்றேன். இந்தத் தடவை நான் சொன்னது சரியாக இருந்தது.

இப்போது என்னிடம் எடை அதிகமான பூனை வந்தால் "கம்மி" என்ற சொல் என் வாயில் வராது. கிராமில் எழுதுகிறேன், நேரம் எழுதுகிறேன், ஊட்டுகிறவர் பெயரை எழுதுகிறேன். வீட்டில் யார் யார் சாப்பாடு போடுகிறீர்கள் என்று கேட்டால் முதலில் ஒரு பெயர்தான் வரும். பேனாவை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். இரண்டாவது பெயர் வரும். சில வீடுகளில் மூன்றாவதும். அந்தப் பெயர்கள் வந்த பிறகுதான் வைத்தியம் தொடங்குகிறது.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லும்போது, பூனை பிழைத்துக்கொண்டதே, பிறகு ஏன் உங்கள் தப்பையும் சேர்த்துச் சொல்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். பாதுஷா அன்று செத்துப்போயிருந்தால் இதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அது பிழைத்ததால்தான் சொல்ல முடிகிறது, அதனால் சொல்லிவிடுகிறேன்.